ஆரல்வாய்மொழிக் காற்றும் சூடேறாத எஞ்சினும்

பாளையங்கோட்டையிலிருந்து கன்னியாகுமரிக்கு மோட்டாரில் போய்வர என்ன ஆகும், எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று கேட்டு இரண்டு மாதத்துக்குள் நாலு பேர் எனக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் எங்கள் பயணம் ஒழுங்காக நடந்த பயணமல்ல. நடந்ததை நடந்தபடியேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். முக்கடல் கூடும் இடம் என்று வகுப்பில் சொன்னபோது ஒரு பெண் எழுந்து, மூன்று தண்ணீருக்கும் சூடு வேறுவேறாக இருக்குமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனி முதல் வாரம், பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வக்கீலான என் கணவருக்கும் கோர்ட்டு விடுமுறை. விஞ்ஞான அறையிலிருந்து 220 டிகிரி பாரன்ஹீட் வரை காட்டும் கண்ணாடி வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

வண்டி, ஒருவர் ஓட்டி விற்றதை முந்தின வருஷம் நாங்கள் வாங்கினது. ஆறு சிலிண்டர் அமெரிக்க வண்டி. ஓட்டியவர் மிக்கேல். கல்குளத்துக்கு மேற்கே கடற்கரையில் உள்ள இனயம் அவருக்கு ஊர். வயது முப்பத்தைந்து இருக்கும். எங்களிடம் வந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. அதிகம் பேசமாட்டார். இந்தப் பயணத்தில் ஒருநாள் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்று மட்டும் இரண்டு முறை கேட்டிருந்தார். நாங்களும் சரி என்றிருந்தோம்.

காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். நாங்குனேரி பதினெட்டு மைல், ஆறரைக்கு வந்தது. வள்ளியூரில் காப்பியும் இட்டிலியும் சாப்பிட அரை மணி நேரம் நின்றோம். மூன்று பேருக்கும் சேர்த்து ஆறணா. அதற்குள் மிக்கேல் சக்கரத்துக்குக் காற்றடித்து வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்வந்தார். காவல்கிணறு தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்றை எழுத்தில் காட்ட முடியாது. எதிரே வந்த வைக்கோல் வண்டி ஒன்று பாதி வைக்கோலை எங்கள்மேல் இறைத்துவிட்டுப் போயிற்று. சிறு தூறலும் சேர்ந்துகொண்டது. வண்டி விக்கி விக்கி ஓடியது. பின்னால் கறுப்பாகப் புகை வந்தது. மிக்கேல் சோக் குமிழை இழுப்பதும் உள்ளே தள்ளுவதுமாகவே வந்தார்.

"வண்டி இழுக்கல்லம்மா. ரெண்டு மாசமா சொல்லுதேன், எனக்க கையில தெரியுது" என்றார்.

சொல்லியிருந்தார்தான். நான் அப்போதும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்பலகையில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் அடியோடு படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்து எங்கள் எல்லாருக்கும் நிம்மதிதான். இந்தப் பக்கத்து வெயிலில் மோட்டார் வைத்திருப்பவர்களின் பயமெல்லாம் ரேடியேட்டர் கொதித்துவிடுமோ என்பதுதானே. எங்கள் வண்டி கொதித்ததே இல்லை.

ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் எட்டேகாலுக்கு நின்றோம். திருவிதாங்கூர் எல்லை அங்கே தொடங்குகிறது. பெட்டிகளைத் திறந்து, புகையிலை இருக்கிறதா என்று பார்த்தார்கள். வெப்பமானியை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. நம் ரூபாய் ஒன்றுக்கு அந்த ஊர் நாணயத்தில் இருபத்தெட்டரைச் சக்கரம். சில்லறையை அங்கேயே மாற்றிக்கொள்வது நல்லது, உள்ளே கடைக்குக் கடை குறைக்கிறார்கள். தோவாளை வழியாக நாகர்கோவிலுக்கு ஒன்பதே முக்கால். மொத்தம் ஐம்பது மைல், நாலு மணி நேரம்.

நாகர்கோவிலில் தங்குவதற்கு என் கணவரின் சிநேகிதர் ஒருவர் தம் காலி வீட்டை ஒழித்துத் தந்திருந்தார். இறங்கியதும் நான் செய்த முதல் காரியத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மிக்கேல் குளிக்கப் போன சமயம், காலன் அளவுக்குக் கோடு கிழித்து வைத்திருந்த ஒரு குச்சியைப் பெட்ரோல் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தேன். புறப்படும்போது தொட்டி நிறைந்திருந்தது. ஐம்பது மைலுக்கு மூன்று காலனுக்குக் குறைவாகத்தான் ஆகியிருக்க வேண்டும். நாலரைக் காலன் போயிருந்தது.

இரண்டு மாதமாகவே இப்படி. எல்லாவற்றையும் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பக்கத்துக்குப் பக்கம் பார்த்தால், சித்திரையில் கொஞ்சம், வைகாசியில் அதிகம் என்று பெட்ரோல் கரைந்திருந்தது. வள்ளியூரில் கால் மணி நேரமாவது வண்டி அவர் கையில் தனியாக இருந்தது. எனக்கு வேறு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. என் கணவரிடம் சொன்னேன். இன்னும் சில நாள் பார்க்கலாம், அவசரப்படாதே என்றார். நான் கேட்கவில்லை. மிக்கேல் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது நோட்டுப் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து, ஒன்றரைக் காலன் எங்கே போயிற்று என்று கேட்டேன்.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நான் எடுத்து வித்தேன்னு நெனைக்கிய. அப்பிடித்தானே?"

நான் நோட்டில் அந்தக் கணக்கின்மேல் விரலை வைத்தேன். அவர் திறவுகோலை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஈரத் துண்டை மடித்துத் தம் பைக்குள் போட்டுக்கொண்டு, தக்கலை போகிற பஸ் எங்கே நிற்கும் என்று எதிர்வீட்டில் விசாரித்துக்கொண்டு போய்விட்டார். பதினாலு மாதம் வேலை செய்தவர் போவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் கணவரே ஓட்டினார். அவருக்குச் சுமாராக ஓட்டத் தெரியும். குமரிக்குப் பன்னிரண்டரை மைல்தானே என்று கிளம்பினோம். சுசீந்திரம் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு முறை நின்றது. மூன்றாம் முறை நின்றது கிளம்பவே இல்லை. ஒரு காளை வண்டிக்காரர் கயிறு கட்டி நாகர்கோவில் வரை இழுத்துக்கொண்டு வந்தார். முக்கால் ரூபாய் கேட்டார், கொடுத்தோம். தூறலில் நனைந்துகொண்டு மாட்டுக்குப் பின்னால் மோட்டாரில் உட்கார்ந்து வந்த அந்த நாலு மைலில், மிக்கேல் இருந்திருந்தால் இது நின்றிருக்காது என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

நாகர்கோவிலிலேயே வடசேரியில் பஸ்களைப் பழுதுபார்க்கிற பொன்னையா என்பவரிடம் விட்டோம். நெற்றியில் தீபம் போல நீளமாக வெள்ளை நாமம் இட்டிருந்தார், அய்யாவழிக்காரர். கையில் ஒரு கருவியும் எடுக்காமல் முதலில் வண்டியைச் சுற்றி வந்தார். பெட்ரோல் எங்காவது ஒழுகுகிறதா என்று தொட்டியின் அடியிலும் குழாயிலும் விரலால் தடவிப் பார்த்தார். ஒழுகவில்லை. கார்புரேட்டரைத் திறந்து மிதவையைப் பார்த்தார். அதுவும் சரியாக இருந்தது. பிளக்குகளைக் கழற்றினார். ஆறும் அடுப்புக்கரி போல் கறுத்து, மேலே ஈரமாக இருந்தன. அவற்றைச் சுத்தம் செய்து மாட்டிக் கிளப்பியதும் வண்டி சாதுவாக ஓடியது. கால் மணி நேரம் ஓடவிட்டு, ரேடியேட்டரின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. வைத்தபடியே என் கணவருடன் பேசிக்கொண்டிருந்தார்.

"கைய வச்சிட்டு நிக்க முடியுது பாருங்க. வண்டிக்குக் குளிருது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எஞ்சின் குளிர்ச்சியாக இருப்பது நல்லதுதானே என்றேன். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். எஞ்சின் போதுமான அளவு சூடேறினால்தான் பெட்ரோல் நன்றாக ஆவியாகி எரியும். சூடு போதாவிட்டால் பாதி எரியாமல் துளித் துளியாகவே நிற்கும். வண்டி இழுக்காது, ஓட்டுகிறவர் வேறு வழியில்லாமல் சோக்கை இழுத்து இன்னும் பெட்ரோலைக் கொடுப்பார். கொடுத்ததில் பாதி கரியாகப் பிளக்கில் படியும், புகையாகப் பின்னால் போகும். மீதி?

எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி என் முன்னால் நீட்டினார். எண்ணெய், இருக்க வேண்டிய கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறி நின்றது. "ஓடுத வண்டியில எண்ண கொறையும்மா. ஏறாது. மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். பெட்ரோல்.

எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சினின் வயிற்றில் எண்ணெயோடு கலந்து கிடந்தது. நான் மிக்கேலிடம் கேட்ட ஒன்றரைக் காலனில் ஒரு பங்கு, நான் குச்சி விட்டு அளந்த அந்த நேரத்திலும் அதே வண்டிக்குள்ளேதான் இருந்திருக்கிறது. பட்டறையில் கிடந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

ஆனாலும் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றேன். நல்லவேளையாக வெப்பமானி கையில் இருந்தது. பொன்னையா ஓட்ட, தக்கலைச் சாலையில் மேற்கே எதிர்காற்றில் ஏழு மைல் போனோம். நின்றதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெப்பமானியை விட்டேன்: 114. பிறகு ஒரு பழைய பாயை ரேடியேட்டர் அளவுக்கு அறுத்து, அடிப்பக்கம் முக்கால் பாகத்தை மறைத்துக் கட்டினார். அதே ஏழு மைலைத் திரும்ப வந்து பார்த்தால் 158. புகை இல்லை, விக்கல் இல்லை, சோக்கைத் தொடவே இல்லை. காற்று இப்போது முதுகுப்பக்கம் அடிக்கிறதே, அதனால் இருக்கலாமே என்று நான் சந்தேகப்பட்டேன். பொன்னையா சிரித்துக்கொண்டு மறுபடியும் எதிர்காற்றில் நாலு மைல் ஓட்டிக் காட்டினார். 152. ஒரு பொருளின்மேல் சந்தேகம் வந்தால் மூன்று முறை சோதித்துப் பார்க்க எனக்குத் தெரிந்திருக்கிறது என்பதை அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். மிக்கேலின்மேல் வந்தபோது ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை.

எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகிற மேல்குழாயின் வாயில் தெர்மாஸ்டாட் என்று ஒரு சிறு கதவு இருக்கிறது. தண்ணீர் சூடாகும்வரை மூடியிருந்து, சூடானபின் திறக்க வேண்டியது. பொன்னையா அதைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போட்டார். பச்சைத் தண்ணீரிலேயே அது வாயைத் திறந்தபடி கிடந்தது. அதை இயக்குவது துருத்தி போன்ற சின்னப் பித்தளைப் பை. அதில் மயிரிழை போல ஒரு கீறல். அந்தப் பை கெட்டால் கதவு திறந்தபடியே நின்றுவிடும்படிதான் செய்திருக்கிறார்களாம், எஞ்சின் கொதித்துப் பாழாகாமலிருக்க. ஆகவே கெட்டது வெளியே தெரிவதில்லை. கோடையில் வெயில் அதை ஓரளவு மறைத்திருக்கிறது. காற்றும் தூறலும் தொடங்கியபின் வண்டியின் உடம்பு ஒருநாளும் சூடேறவில்லை.

புதியது நாகர்கோவிலில் கிடைக்காது, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். அதுவரைக்கும் பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, நடுவில் அரை அங்குலத் துளை போட்டு அந்த இடத்தில் வைத்தார். தண்ணீரின் ஓட்டம் குறைந்து சூடு நிற்கும். பழைய எண்ணெயை முழுக்க இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினார். பெட்ரோல் கலந்த எண்ணெயில் ஓட்டினால் உள்ளே எல்லாம் தேய்ந்துபோகும் என்றார். எண்ணெய், கூலி எல்லாமாக ஏழு ரூபாய் நாலணா, ஒரு பகல் வேலை. போகும்போது ஒன்று சொன்னார். "இந்த நெலமையில வண்டிய கணவாக் காத்துல நிக்காமக் கொண்டாந்த ஆளு சாமானியப்பட்டவன் இல்ல. ஆரு ஓட்டினது?"

என் கணவர்தான் பெயரைச் சொன்னார்.

அடுத்த நாள் காலை குமரிக்குப் போகாமல் இனயத்துக்குப் போனோம். தக்கலை பத்து மைல், அங்கிருந்து கருங்கல் வழியாக இன்னும் பதினொன்று. சாலை தக்கலை வரை நன்றாக இருக்கிறது. அப்புறம் மழையில் அரித்த செம்மண். தென்னையும் பலாவும் நெருங்கி நிற்கிற மேடுபள்ளம், ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆயிற்று. சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. ரஸ்தா முடிகிற இடத்தில் வண்டியை விட்டு மணலில் நடந்தோம்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. வள்ளங்களை இன்னும் மேலே இழுத்துப்போட ஊரே கயிறு பிடித்து நின்றது. வரிசையில் நாலாவது ஆளாக மிக்கேல். எங்களைப் பார்த்தார், கயிற்றை விடவில்லை. மூன்று வள்ளமும் மேலே ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தபோது கூடவே பத்துப் பதினைந்து பேரும் வந்தார்கள். தனியாகப் பேசலாமா என்று கேட்க நினைத்தேன். பிறகு அது சரியில்லை என்று பட்டது. பெட்ரோலை நீர் எடுக்கவில்லை, எஞ்சினில்தான் கோளாறு, நீர் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும், தவறு என்னுடையது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது, "வண்டிக்கு என்ன?" என்பதுதான். சொன்னேன். கீறல் விழுந்த தெர்மாஸ்டாட்டை என் கணவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மிக்கேல் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

அவர் மனைவி திரேசம்மாள் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சிறியவளாக இருப்பாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள். "இது கெட்டுப்போனது தெரியாம இருந்தா நீங்க இஞ்ச வந்திருப்பியளா?"

இல்லை என்றேன். வேறென்ன சொல்ல? அவள் தலையை அசைத்துவிட்டு, உள்ளே வந்து கஞ்சி குடியுங்கள் என்றாள். மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வைத்தாள். சாப்பிட்டோம். அவர் எங்களை அழைத்துப்போக ஆசைப்பட்ட வீடு அதுதான்.

திரும்ப வேலைக்கு வரவேண்டும் என்று என் கணவர் கேட்டார். நான் வரவில்லை என்றார் மிக்கேல். கோபமாகச் சொல்லவில்லை. குளச்சலில் ஒரு பஸ் முதலாளியிடம் பேசியாகிவிட்டதாம், திங்கட்கிழமை சேர வேண்டும். ஆனால் ஐயா கணவாய்க் காற்றில் ஓட்டிப் பழகியவர் இல்லை, அதனால் குமரியைக் காட்டிப் பாளையங்கோட்டையில் விட்டுவிட்டுத் திரும்புகிறேன் என்றார்.

அப்படியே செய்தார். குமரியில் ஒருநாள் இருந்தோம். சன்னதித் தெருவில் அறைக்கு ஒரு ரூபாய். ஜன்னல் கடல் பக்கம் வேண்டாம், இரவெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும். மூன்று பக்கமும் மூன்று வாளித் தண்ணீர் மொண்டு அளந்தேன். மூன்றும் எண்பது டிகிரிதான். மிக்கேல்தான் அலைக்குள் இறங்கி வாளியை நிரப்பிக் கொடுத்தார். இடம் மாறாமலிருக்க ஒவ்வொரு வாளிக்கும் என்னைக் கேட்டு ஒரு கூழாங்கல்லைப் பக்கத்தில் அடையாளம் வைத்தார்.

இந்த வழியில் வருகிறவர்களுக்கு: ஆனி முதல் ஆவணி வரை காவல்கிணற்றிலிருந்து தோவாளை வரை பதினைந்து மைல் வேகத்துக்குமேல் நினைக்காதீர்கள். காலை ஏழு மணிக்குள் கணவாயைத் தாண்டினால் காற்று கொஞ்சம் மட்டு. சூடு காட்டும் முள் மேலே ஏறினால் எல்லாருக்கும் தெரிகிறது. கீழேயே கிடந்தாலும் கவனியுங்கள். பெட்ரோல் அதிகமாகச் செலவானால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், எண்ணெய்க் கம்பியை மோந்து பாருங்கள், அரை மணி ஓடியபின் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். பாய் கட்டினால் தற்காலிகமாகச் சரியாகும், ஆனால் வெயில் ஏறியதும் அவிழ்த்துவிட மறக்கக்கூடாது. எங்களுக்குப் புதுத் தெர்மாஸ்டாட் பதினெட்டு நாள் கழித்துத் தபாலில் வந்தது, விலை மூன்று ரூபாய் இரண்டணா. இப்போது காலனுக்குப் பதினெட்டு மைல் தவறாமல் ஓடுகிறது. இவ்வளவு நேரம் ஓட்டுகிறவர் என்ன சொல்கிறார் என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

பாளையங்கோட்டையில் வண்டியை நிறுத்திவிட்டு மிக்கேல் ஒரு கடிதம் கேட்டார். பஸ் முதலாளிக்குக் காட்டவேண்டும். இங்கிலீஷில் எழுதித் தருகிறேன் என்று என் கணவர் பேனாவை எடுத்தார். வேண்டாம், தமிழில் இருந்தால் நானே வாசிப்பேன், அம்மா எழுதட்டும் என்றார் மிக்கேல். எதனால் வேலையை விட்டேன் என்பதும் அதில் இருக்கவேண்டும் என்றார்.

எழுதினேன். பதினாலு மாதம் வேலை செய்தார், வண்டியை அறிந்து ஓட்டுகிறவர், பெட்ரோல் அதிகமாகச் செலவானதால் அவரைச் சந்தேகப்பட்டோம், கோளாறு எஞ்சினில் இருந்தது என்று பின்னால் தெரிந்தது, அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அவர் நின்றபடியே, உதடு அசைய, மெதுவாக வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"சந்தேகப்பட்டோம்னு இருக்கு" என்றார். "ஐயா சந்தேகப்படல்லியே, அம்மா."

தாளைத் திரும்ப வாங்கி, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே 'சந்தேகப்பட்டேன்' என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தேன். அவர் மறுபடியும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நாகர்கோவில் பஸ் பிடிக்கப் போனார்.